கணு நிரலின் மறுசீரமைப்பு

கணினி நிரலென்பது ஒருமுறை எழுதி முடித்துக் கட்டிவைக்கும் ஏடன்று. பல்லாண்டு பலர் கைவைக்க அது பெருகும். பெருகுந்தோறும் அதன் கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். செயலை மாற்றாது அமைப்பை மட்டும் திருத்துதலை மறுசீரமைப்பு என்பர். எம் கல்லூரியிலிருந்து கணினித்துறையிற் புகும் இளைஞர் பலர் கையில் இப்பணி விரைவில் வந்து சேருமாதலின், பிட்கொயின் கோர் என்னும் நிரலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராயப் புகுகின்றோம்.

பிளொக்செயின் வலையில் தலைமைக் கணக்கேடு என ஒன்றில்லை. கணு எனப்படும் ஒவ்வொரு கணினியும் புதிதாக வரும் கட்டத்தைத் தானே சோதித்து ஏற்கும், அன்றேல் தள்ளும். எல்லாக் கணுக்களும் ஒரே முடிபுக்கு வருதல் வேண்டும். பிற நிரல்களிற் சிறு பிழையாய் ஒழிவது ஈண்டு ஏட்டையே இரண்டாகப் பிளந்துவிடும்.

இது வெறும் அச்சமன்று. 2013 இல் வெளிவந்த 0.8 ஆம் பதிப்பு, பேர்க்லி தரவுத்தளத்தை நீக்கி லெவல்டிபி என்பதை அவ்விடத்தில் அமர்த்தியது. சேமிக்கும் முறை மாறியதேயன்றி விதி எதுவும் மாறவில்லை என்றே யாவரும் எண்ணினர். அவ்வாண்டு மார்ச்சு மாதத்திற் பெரிய கட்டமொன்று வந்தது. புதிய பதிப்பு அதனை ஏற்றது, 0.7 ஆம் பதிப்பிலோ பழைய தரவுத்தளம் ஒரேவேளையில் இடக்கூடிய பூட்டுக்களின் எண்ணிக்கை எல்லை கடந்தமையால் அக்கட்டம் தள்ளப்பட்டது. விதியென எவ்விடத்தும் வகுக்கப்படாத அவ்வெல்லை, எவரும் அறியாமலே விதியாய் நின்றிருந்தது! சங்கிலி பிளந்தது. கட்டம் ஆக்குவோர் பழைய பதிப்புக்கு மீண்டபின்னரே சில மணிநேரத்தில் அது ஒன்றாயிற்று.

இத்தகைய நிரலில் "மெயின்" என்னும் ஒரே கோப்பு, கட்டங்களைச் சோதித்தலையும் பிற கணுக்களோடு பேசுதலையும் நெடுங்காலம் ஒருங்கே சுமந்திருந்தது. வெளியார் வினவல்களுக்கு விடையிறுக்கும் ஏபிஐ கூறுகளும் அதனையே இறக்குமதி செய்தன. 2016 இல் அக்கூறுகள் தமக்கெனத் தனி அடைவு பெற்றன. அவ்வாண்டின் இறுதியில் மெயின் கோப்பும் இரண்டாகப் பகுக்கப்பட்டது.

பகுத்த முறையே கற்கத்தக்கது. வரிகளை இடம்பெயர்ப்பது ஒரு படி. அவற்றைத் திருத்துவது வேறொரு படி. இரண்டையும் ஒருங்கே செய்தால், ஆயிரம் வரி பெயர்ந்த கூட்டத்தில் மாறிய ஒருவரி மறைந்துவிடும். வெறும் பெயர்ச்சியாயின் கிட் என்னும் கருவி பெயர்ந்த வரிகளை வேறு நிறத்திற் காட்ட, ஆராய்வோர் எளிதில் ஒப்புநோக்குவர். பொறுமையற்றோர் இதனை வீண்வேலை என்பர். யாம் அவ்வாறு கருதோம். கோப்பு எங்கே பெயரினும் "கெட்பிளொக்" போன்ற ஏபிஐ கட்டளைப் பெயர்கள் வெளியார்க்கு மாறலாகா. பணப்பைகளும் பரிமாற்று நிலையங்களும் அப்பெயர்களை நம்பியே இயங்குகின்றன.

இறக்குமதிக்கும் திசையுண்டு. ஏபிஐ கூறு சோதனைக் கூறை அழைக்கலாம். சோதனைக் கூறு ஏபிஐ ஒன்று உளதென்பதையே அறியலாகாது. ஒன்றையொன்று இறக்குமதி செய்யின் இரண்டும் ஒரே கோப்பாகவே கிடந்தனவற்றினும் வேறுபாடில்லை. இத்தகைய புதிய சுழல் தோன்றின் தடுத்து நிறுத்துஞ் சோதனையொன்று பிட்கொயின் கோரில் உண்டு. பழஞ் சுழல்களை அது மறைக்கவில்லை. வெளிப்படையாகப் பட்டியலிட்டு வைத்திருக்கின்றது. அவற்றுள் ஒன்றை ஒருவர் அவிழ்த்துவிடின், நன்று செய்தீர் எனப் பாராட்டி, பட்டியலிலிருந்து அதன் பெயரை நீக்குமாறு பணிக்கும். நீக்கும்வரை அவரையும் தேறவிடாது.