கம்பளிப் பை பின்னி இறுக்கும் முறை

கம்பளிச் சட்டையை வெந்நீரில் கசக்கித் துவைத்தால் அது சுருங்கிப் பயனற்றுப் போகும் என்பது அநேகருக்குத் தெரிந்த விஷயம். சட்டைக்கு நஷ்டமாகும் இக்குணமே பைக்கு லாபமாகும். கம்பளி நூலால் பெரிதாகப் பின்னிய பையை வேண்டுமென்றே வெந்நீரில் சுருக்கினால், கண்ணிகள் மறைந்து, நூல் பிரியாத தடித்த துணியாக அது இறுகும். ஆர்மோனியப் பெட்டியினுள் ஒட்டப்படும் ஃபெல்ட் துணியும் இவ்வாறு இறுகிய கம்பளியே. விவாகம் முதலிய சுபகாலங்களில் வீட்டார் தம் கையால் செய்து அன்பளிப்பாகக் கொடுப்பதற்கு இப்பை ஏற்றது. ஆனால் ஒரு முறை இறுகிய கம்பளி மீண்டும் விரியாது. ஆகவே அளவறிந்து செய்தல் அவசியம்.

காரணம்

கம்பளி இழையின்மேல் மீன் செதில் போன்ற நுண்ணிய செதில்கள் உண்டு. அவற்றின் விளிம்புகள் யாவும் இழையின் நுனியை நோக்கியிருக்கும். சூடும் ஈரமும் சேர்ந்து கசக்கும்போது இழைகள் ஒரே திக்கில் நகர்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். திரும்பி வர இயலாது. சவுக்காரம் இழைகளை வழுக்கச் செய்து இவ்வேலைக்கு உதவும்.

நூல்

பருத்தி நூலும் அக்ரிலிக் நூலும் இவ்வாறு இறுகா. துவைத்தாலும் சுருங்காதபடி பக்குவப்படுத்திய கம்பளி நூலும் உதவாது. மேச்சேரி ஆடு உரோம இனமாதலின் அதன் மயிர் இதற்குப் பயன்படாது. நீலகிரி ஆடு மெல்லிய கம்பளி தரும் இனம். ஒரே வகை நூலிலும் வெளுத்த வெள்ளை நூல் சில சமயம் சரியாக இறுகுவதில்லை. சங்க அங்கத்தினர்கள் சேர்ந்து நூல் வாங்கினால், பங்கிடுமுன் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியே சோதித்தல் நலம்.

மாதிரித் துண்டு

முதலில் 6 அங்குலச் சதுரம் ஒன்று பின்னி, வெந்நீரில் இறுக்கி, உலர்த்தி அளக்க வேண்டும். அது 4½ அங்குல அகலமும் 4 அங்குல உயரமும் ஆயிற்று எனக் கொள்வோம். அகலத்தில் நான்கில் ஒரு பங்கும் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கும் குறைந்தன. அந்நூலில் 12 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள பை வேண்டுமாயின், 16 அங்குல அகலமும் 15 அங்குல உயரமுமாகப் பின்ன வேண்டும்.

பின்னுதல்

கண்ணிகள் தளர்வாக இருத்தல் வேண்டும். 4 மில்லிமீட்டர் ஊசிக்குரிய நூலை 6 மில்லிமீட்டர் ஊசியால் பின்னுக. மேற்கண்ட பைக்கு 16 அங்குல அகலத்தில் 30 அங்குல நீளத் துண்டு பின்னி, இரண்டாக மடித்து, பக்கங்களை அதே நூலால் தைக்கவும். தோள்வாரைத் தனியே பின்னிக் கொள்க. பையின் வாய் அகன்று விரியாதபடி அதைப் பருத்தி நூலால் தற்காலிகமாகத் தைத்து வைப்பது நல்லது.

இறுக்குதல்

கை பொறுக்கும் சூடுள்ள வெந்நீரில் சிறிது சவுக்காரம் கரைத்து, பையையும் வாரையும் அமுக்கியும் தேய்த்தும் கசக்குக. ஐந்து நிமிஷத்திற்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, உட்பக்கங்கள் ஒட்டிக்கொள்ளாதபடி பிரித்து விடவும். நீர் ஆறினால் வேறு வெந்நீர் மாற்றுக. கண்ணிகள் மறைந்து, வேண்டிய அளவு வந்தவுடன் நிறுத்தி, குளிர்ந்த நீரில் அலசுக. முறுக்கிப் பிழியலாகாது; துண்டில் சுற்றி அமுக்கினால் போதும். கழிவு நீரைத் துணியில் வடித்துக் கொட்டினால் சாக்கடையில் பஞ்சு அடையாது.

ஈரமிருக்கையிலேயே இழுத்து உருவமைத்து, உள்ளே பழைய துணி அடைத்து நிழலில் உலர்த்துக. வாரைத் தொங்கவிட்டு உலர்த்தினால் நீண்டுவிடும்; படுக்க வைத்தே உலர்த்த வேண்டும். நன்கு உலர்ந்தபின் வாயின் தையலைப் பிரித்து, வாரை உறுதியான நூலால் இரட்டைத் தையலிடுக.

பையைப் பெறுவோர் அதன் குணத்தை அறியாமல் வெந்நீரில் துவைத்தால் அது மேலும் சுருங்கும். கொடுக்கும்போதே, குளிர்ந்த நீரில் மெதுவாக அலசி நிழலில் உலர்த்தும்படி சொல்லிக் கொடுப்பது கொடுப்பவர் கடமையாகும்.