குறி நகர்ந்தால் யாருக்குத் தெரியும்?

சென்ற மாதம் சங்கத்தில் பட்டிமன்றம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது, கரோல்பாக்கில் நகைத் தொழில் செய்யும் நண்பரின் மகன் என் பக்கத்தில் வந்து அமர்ந்தான். "மாமா, அப்பாவுக்கு ஒரு பழைய வெளிநாட்டு ரிவால்வர் விலைக்கு வருகிறது. லைசென்ஸ் இருக்கிறது. அதில் பின்பக்கக் குறியைத் திருகாணியால் நகர்த்திக்கொள்ளலாமாம். தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டு போவதற்கு அது சரிப்படுமா, இல்லை அசையாத குறிதான் நல்லதா?" என்று கேட்டான்.

மத்தியப் படை ஒன்றில் 26 ஆண்டுகள் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவனாக, வேலை பார்த்தவன் நான். அதனால் கேட்டான். பாயசத்துக்கும் மோருக்கும் நடுவில் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. பாதுகாப்பு வேலையிலும், வங்கிப் பணம் கொண்டுபோகும் வேலையிலும் நம்மவர் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

இரண்டு வகைக் குறிகள்

ரிவால்வரில் குழல் முனையில் ஒரு தகடு நிற்கும்; அது முன்குறி. கண்ணுக்கு அருகில் ஒரு பள்ளம் இருக்கும், அது பின்குறி. பள்ளத்தின் நடுவே தகடு தெரியும்படி பிடித்துச் சுடவேண்டும்.

அசையாத வகையில் பின்குறி என்று தனியாக ஒரு பாகமே கிடையாது. மேல் சட்டத்திலேயே நீளமாக வெட்டிய ஒரு வாய்க்கால்தான். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் 1899இல் தொடங்கி வைத்த, பின்னர் 10ஆம் மாதிரி என்று பெயர் பெற்ற ரிவால்வர் இந்த வகை. நம் நாட்டில் பழக்கமான வெப்ளியிலும் குறி அசையாது.

மற்ற வகையில் பின்குறி தனித் தகடு. ஒரு திருகாணி அதை இடம் வலமாக நகர்த்தும்; இன்னொன்று மேலும் கீழும் நகர்த்தும். விதி எளிது: குண்டு எந்தப் பக்கம் போகவேண்டுமோ, பின்குறியை அந்தப் பக்கம் நகர்த்தவேண்டும். முன்குறிக்கு இது நேர் எதிர். அதை அராவித் தாழ்த்தினால் குண்டு மேலே போகும்.

நகர்த்த வசதி எதற்கு?

தோட்டாவுக்குத் தோட்டா குண்டு விழும் இடம் மாறும் என்பதற்காக. கனமான குண்டு கீழேதானே விழும் என்று பலர் நினைக்கிறார்கள். கிட்ட இருக்கும் இலக்கில் பெரும்பாலும் நடப்பது வேறு. கனமான குண்டு மெதுவாகப் போவதால் குழலுக்குள் அதிக நேரம் இருக்கிறது. அதற்குள் உதைப்பினால் குழல் முனை மேலே எழும்பிவிடுகிறது. ஆகவே குண்டு மேலே படுகிறது. பிரிட்டிஷ் ராணுவம் பாயிண்ட் 38 ரிவால்வருக்கு முதலில் 200 கிரெய்ன் குண்டும், பின்னால் 178 கிரெய்ன் குண்டும் வைத்துக்கொண்டது. அசையாத குறியுள்ள துப்பாக்கி ஒன்றில் இரண்டையும் சுட்டால் இரண்டும் ஓரிடத்தில் விழா.

ஒரு சின்னக் கணக்கு

நாலு அங்குலக் குழல் உள்ள ரிவால்வரில் இரண்டு குறிகளுக்கும் இடையே சுமார் 150 மில்லிமீட்டர் இருக்கும். பின்குறி அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் அது 300இல் ஒரு பங்கு. 5 மீட்டரில் குண்டு 17 மில்லிமீட்டர் விலகும். அது பெரிய விஷயமில்லை. 25 மீட்டரிலோ 83 மில்லிமீட்டர், அதாவது நாலு விரற்கடை விலகும்.

அந்த நாலு விரற்கடையை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ராஜஸ்தானில் எங்கள் முகாமில் வருடாந்திரச் சுடுபயிற்சி. ஓர் அதிகாரி தம் சொந்த ரிவால்வரால் சுட்டார். ஆறு குண்டும் ஒரு கைக்குட்டைக்குள் அடங்கும்படி நெருக்கமாக விழுந்தன. ஆனால் எல்லாம் வலப்பக்கம் தள்ளி. "தோட்டா மோசம்" என்றார். தோட்டா மோசமென்றால் குண்டுகள் சிதறும். இப்படி ஒன்றுகூடி விலகினால் கையும் தோட்டாவும் சரி, குறிதான் தவறு. வாங்கிப் பார்த்தேன். பக்கத் திருகாணி விரலால் தொட்டாலே ஆடியது. ஜீப்பின் அதிர்ச்சியில் அது எப்போது தளர்ந்தது என்று யாருக்கும் தெரியாது. அத்தனை நாளும் அவர் அதை நம்பி இடுப்பில் வைத்திருந்தார். முந்தின வருடம் அந்தக் குறியைத் திருத்திக் கொடுத்தவன் நான்தான். திருகாணியின் மேல் ஒரு பெயிண்ட் கோடு போட்டிருந்தால் அது நகர்ந்தது அன்றே தெரிந்திருக்கும். நான் போடவில்லை.

அப்படியானால் திருகும் குறி கூடாதா?

அப்படிச் சொல்லமாட்டேன். அமெரிக்க எல்லைக் காவல் அதிகாரி பில் ஜார்டனின் யோசனையைக் கேட்டு 1955இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வெளியிட்ட காம்பட் மேக்னத்தில் இருந்தது திருகும் குறிதான். எத்தனையோ காவலர்கள் அதை ஆண்டுக்கணக்கில் நம்பிச் சுமந்தார்கள். ஆனால் அதே அளவில், அதே தோட்டாவுக்கு, அசையாத குறியோடு 13ஆம் மாதிரியும் பின்னால் வந்தது, 1980களில் எஃப்.பி.ஐ. தன் ஆட்களுக்கு அதைக் கொடுத்தது. இடுப்புத் துப்பாக்கிக்கு வழவழப்பான முதுகும் ஒரு சௌகரியம்தான். தனித் தகட்டின் கூர்மையான மூலை சட்டையைக் கிழிக்கும். கீழே விழுந்தால் வளையும்.

1982 ஆசிய விளையாட்டுக்காகக் கட்டிய துக்ளகாபாத் கர்ணி சிங் மைதானத்துக்குப் போனால், 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியாளர்கள் எல்லோரும் திருகும் குறிதான் வைத்திருப்பார்கள். ஆனால் அவர்களுக்குப் புள்ளி எண்ணத் தொடங்குமுன் ஐந்து குண்டுகள் சரிபார்க்கத் தருகிறார்கள். குறி நகர்ந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். இடுப்பில் சுமப்பவருக்குச் சரிபார்க்கும் குண்டு கிடையாது. அவருடைய முதல் குண்டுதான் கணக்கு. அது தவறினால் பக்கத்தில் நிற்பவர் மேல் படும்.

திருகும் குறி வைத்திருப்பவர்களுக்கு

1. ஒரே வகைத் தோட்டாவைத் தேர்ந்தெடுத்து, அனுமதி பெற்ற மைதானத்தில் அதற்குக் குறியைச் சரிசெய்யுங்கள். அதன்பின் திருகாணியைத் தொடாதீர்கள்.

2. திருகாணித் தலையிலிருந்து தகடு வரை மெல்லிய பெயிண்ட் கோடு ஒன்று போடச் சொல்லுங்கள். கோடு உடைந்திருந்தால் குறி நகர்ந்துவிட்டது.

3. வாரம் ஒரு முறை, எல்லாத் தோட்டாக்களையும் எடுத்துவிட்டு, அறைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தபின், கோட்டைப் பாருங்கள். தகடு ஆடுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள்.

4. கீழே விழுந்தால், மறுபடி சுட்டுப் பார்க்கும்வரை அதை நம்பாதீர்கள்.

5. அசையாத குறியை நீங்களே அராவாதீர்கள். அது லைசென்ஸ் உள்ள ஆயுதப் பழுதுக்காரர் வேலை. அராவிய இரும்பு திரும்பி வராது.

மறுவாரம் பையனுக்குப் பதில் சொன்னேன். "வருடம் இரண்டு முறையாவது மைதானத்தில் சுட்டுப் பார்ப்பவருக்கு எந்தக் குறியும் சரிதான். பார்க்காதவருக்கு அசையாத குறிதான் நல்லது. அப்பா கடைசியாக எப்போது சுட்டார்?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "லைசென்ஸ் வாங்கின வருஷம், மாமா. அப்போது நான் மூன்றாம் வகுப்பு."

"முதலில் அப்பாவை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போ. ரிவால்வரைப் பிறகு வாங்கலாம்" என்றேன்.