காலைக் கடமைகளும் பிரெஞ்சு மொழியும்



மேல்நிலை வகுப்பில் பிரெஞ்சை மொழிப்பாடமாக எடுக்க விரும்பும் சிலர், "ஆங்கிலம் நன்றாக வந்தால்தானே பிரெஞ்சு வரும்?" என்று தயங்குவதுண்டு. அத்தயக்கம் வேண்டியதில்லை. காலையில் நாம் செய்யும் வேலைகளைப் பிரெஞ்சில் சொல்லிப் பார்த்தாலே, தமிழறிந்தவளுக்கு அம்மொழி எவ்வளவு அருகில் இருக்கிறது என்பது விளங்கும்.

வகுப்பில் விடை தெரிந்தால் கையை உயர்த்துகிறோம். அதைப் பிரெஞ்சில் 'ஜெ லேவ் லா மேன்' என்பர். 'ஜெ' என்றால் நான். 'லேவ்' என்றால் உயர்த்துகிறேன். 'லா மேன்' என்பது கை. (இந்த 'ஜெ' நம் ஜகரத்தைவிட மென்மையானது. ஆசிரியை சொல்லக் கேட்டுப் பழகுக.) படுக்கையிலிருந்து எழுவதற்கும் இதே வினைதான். ஆனால் 'ஜெ மெ லேவ்' என்று 'மெ' சேர்க்க வேண்டும். 'மெ' என்றால் 'என்னை'. 'என்னையே உயர்த்துகிறேன்', அதாவது எழுகிறேன்.

தன்வினை, பிறவினை என்று தமிழ் இலக்கணத்தில் படித்ததை நினைவுகூருங்கள். 'விழிக்கிறேன்', 'எழுப்புகிறேன்' என நாம் சொல்லையே மாற்றுகிறோம். பிரெஞ்சில் அந்தச் சிறு சொல்லே போதும். 'ஜெ ரெவேய் மா ஸேர்' என்றால் தங்கையை எழுப்புகிறேன். 'ஜெ மெ ரெவேய்' என்றால் நானே விழிக்கிறேன்.

தலை வாரிக்கொள்கிறேன், உடுத்திக்கொள்கிறேன் என்கிறோமல்லவா? அந்தக் 'கொள்' செய்யும் வேலையைத்தான் பெரும்பாலும் 'மெ' செய்கிறது.

ஜெ மெ பேஞ் – தலை வாரிக்கொள்கிறேன்.
ஜெ மாபிய் – உடுத்திக்கொள்கிறேன்.
ஜெ மெ ப்ரோஸ் லே தான் – பல் துலக்குகிறேன்.

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். ஆங்கிலத்தில் 'என் பற்களை' என்று சொல்லியாக வேண்டும். தமிழில் 'பல் துலக்குகிறேன்' என்றாலே போதும். வேறு யாருடைய பல்லை நாம் துலக்கப் போகிறோம்? பிரெஞ்சும் அப்படியே. 'என்' வராது, 'மெ' இருப்பதே போதும். ஆங்கில வாக்கியத்தை மனத்தில் வைத்து மொழிபெயர்ப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்.

செயல் தன்மேல் திரும்பாதபோது பொதுவாக 'மெ' வேண்டாம். 'ஜெ மான்ஜ்' (சாப்பிடுகிறேன்), 'ஜெ வே ஆ லேகோல்' (பள்ளிக்குப் போகிறேன்) என்பவை எடுத்துக்காட்டுகள். ஆள் மாறினால் சிறு சொல்லும் மாறும். நீ எழுகிறாய் 'து தெ லேவ்'. அவள் எழுகிறாள் 'எல் ஸெ லேவ்'. நாம் எழுகிறோம் 'நூ நூ லெவோன்'. நீங்கள் எழுகிறீர்கள் 'வூ வூ லெவே'.

நீ, நீங்கள் என்ற வேறுபாடு இன்றைய ஆங்கிலத்தில் இல்லை, பிரெஞ்சில் உண்டு. 'வூ' என்பது நம் 'நீங்கள்' போலவே பலரையும் குறிக்கும், மரியாதைக்குரிய ஒருவரையும் குறிக்கும். ஒன்று மட்டும் வேறு. கொங்கு வீடுகளில் அப்பாவை 'நீங்க' என்கிறோம். இன்றைய பிரெஞ்சுச் சிறுமி பெரும்பாலும் 'து' என்பாள். அது அவர்கள் வழக்கம், மரியாதைக் குறைவன்று.

தமிழிலிருந்து நேராகப் பிரெஞ்சுக்குச் செல்லும் பாதை புதியதும் அன்று. மூசே, துப்புயி என்னும் இரு குருக்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி, 1855இலும் 1862இலும் இரு பகுதிகளாகப் புதுச்சேரியில் அச்சாயிற்று. இவர்களுள் துப்புயி அடிகளார், 1844இல் புதுச்சேரியில் பெண்கல்விக்கென ஒரு கன்னியர் சபையைத் தொடங்கியவர். நம் மொழியைக் கற்க அவர்கள் அவ்வளவு உழைத்தார்கள். அதே பாதையில் நாம் எதிர்த்திசையில் நடக்கலாம்.

நாளைக் காலை வாசல் தெளித்துக் கோலமிடும்போது, அதுவரை செய்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் சொல்லிப் பாருங்கள். கோலத்திற்கு மட்டும் பிரெஞ்சுச் சொல் தேட வேண்டாம். 'கோலம்' என்றே சொல்லி, அது என்னவென்று அவர்களுக்கு விளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.