ஏழைகளின் பிராணிகளுக்கு வைத்திய உதவி

குடிசையைக் காக்கும் நாயோ, ஏழை விதவையின் வெள்ளாடோ நோயுற்றால், செலவுக்கு அஞ்சி வைத்தியத்தைத் தள்ளிப்போடுவது வழக்கம். அதனால் விளையும் கேடு அக்குடும்பத்தோடு நிற்பதன்று. நாய்க்கு வெறிநோய் கண்டபின் மருந்தில்லை. அது கடித்த மனிதருக்கும் நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக அரிது. ஆகையால் குட்டிக்கு மூன்றாம் மாதத்தில் தடுப்பூசி போட்டு, பின்னர் ஆண்டுதோறும் போட்டுவருதல் அவசியம்.

தமிழ்நாட்டுச் சர்க்கார் கால்நடை மருந்தகங்களில் சிகிச்சை இலவசமாகவோ சொற்பக் கட்டணத்திலோ கிடைக்கும். நடக்கமாட்டாத ஆடுமாடுகளுக்கு 1962 என்னும் எண்ணில் டெலிபோன் செய்தால், நடமாடும் வைத்திய வண்டியின் உதவியைப் பெறலாம்.

நிலச்சுவான்தார்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இவற்றை ஏழைகளுக்கு எடுத்துரைத்து, ஒரு நாள் குறித்துப் பிராணிகளை ஒருங்கே மருந்தகத்திற்கு அனுப்புவாராயின், வண்டிக்கூலி பங்காகிக் குறையும். ஊருக்கும் அச்சம் நீங்கும்.