மூலமும் திருத்தமும்

பழவேற்காட்டு ஏரியிலே வலையிடுவோர்க்குப் 'பாடு' என்றொரு வழக்கம் தொன்றுதொட்டு உண்டு. இன்ன நாளில் இன்ன இடம் இன்னாருக்கு என்பது முறைப்படி வகுக்கப்பட்டு, கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊரார் யாவரும் அறியக் கிடக்கும். ஒருவர் தாமாக அதனை மாற்றுதல் ஆகாது. கணினி நிரல்களைப் பேணுவோர்க்கும் இதனையொத்த ஒழுங்கு வேண்டும் என்பதை யான் அறிந்தது, எம் வீட்டில் நேர்ந்த ஒரு சங்கடத்தினாலேயாம்.

மீன் விற்ற பணத்தை வலைக்கூட்டாளிகள் அறுவர்க்கும் பங்கிடுதற்பொருட்டு, என் தமையனார் எவரோ எழுதி யாவர்க்கும் வழங்கிய நிரலொன்றின் மூலப் பொதியைப் பெற்று, தம் மடிக்கணினியில் தொகுத்துக்கொண்டார். இடையிடையே மூலத்திலேயே கைவைத்துத் திருத்தினார். என்று, எதனை, ஏன் திருத்தினார் என்பதற்குக் குறிப்பொன்றும் இல்லை. ஒருநாள் கணினியின் மென்பொருள்கள் யாவும் புதுப்பிக்கப்பெற்றன. பின்னர்த் தொகுத்தபோது நிரல் உருவாகவில்லை. பிழை தம் திருத்தத்திலோ, தொகுப்பியின் புதிய பதிப்பிலோ, நிரல் சார்ந்திருந்த பிற நிரல்களிலோ என்று பிரித்தறிய வழியில்லை. கூட்டாளிகளோ பணத்திற்குக் காத்திருந்தனர்!

தமிழ் மாணவர்க்கு இது புதிதன்று. ஏடெழுதுவோர் தம் திருத்தத்தை மூலத்தோடு கலந்துவிட்டபின், ஆசிரியர் வாக்கு எது என்று தெளிதல் எத்துணை அரிது! 1993-இல் தோன்றிய டெபியன் குழுவினர் இதற்கு நல்வழி கண்டனர். (சென்னையிலுள்ள சீடாக் நிறுவனத்தார் ஆக்கிய பாஸ் லினக்ஸுக்கும் டெபியனே அடிப்படை.) ஆசிரியர் தந்த பொதியை அவர்கள் பெரும்பாலும் தொடுவதில்லை; தம் திருத்தங்களைத் தனித்தனி ஒட்டுகளாக வைப்பர். தொகுத்தற்கு வேண்டிய கருவிகளின் பட்டியலும், நாளும் பெயரும் கூடிய மாற்றக் குறிப்பும் உடன் நிற்கும. தொகுப்பதும் வெறுமையான தனிச் சூழலிலேயாம். பட்டியலில் இல்லாத கருவியொன்று தற்செயலாய் உதவிக் குறையை மறைத்துவிடலாகாது அன்றோ? எக்கருவியின் எப்பதிப்புப் பயன்பட்டது என்பதும் பதியப்படும். இவற்றை, 2005-இல் லைனஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய 'கிட்' போன்ற பதிவேட்டில் இட்டுவைத்தால், வேண்டிய நாளின் நிலைக்கு மீளலாம்.

ஆயினும் பதிவேடு ஒன்றும் பொதி வேறொன்றுமாயின் கேடு விளையும். 2024 மார்ச்சுத் திங்களில் எக்ஸ்-இசட் என்னும் சுருக்கு நிரலின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் கள்ளவாயில் ஒன்று வெளிப்பட்டது. அதனை இயக்கிவிடும் வரிகள் வழங்கிய பொதியில் இருந்தன. பலரும் பார்க்கும் பதிவேட்டில் இல்லை. தொலைக்கணினியில் நுழைவது அரை நொடி தாமதித்ததை ஐயுற்று, ஆண்டிரஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர் ஆராய்ந்து கண்டார். டெபியனின் நிலைத்த பதிப்பு அவற்றை ஏலாதிருந்தமையின் தப்பியது.

என் தமையனார் இப்போது ஆசிரியரின் பொதியை மீண்டும் பெற்று, தம் திருத்தங்களை நினைவிலிருந்து ஒவ்வொன்றாக ஒட்டுகளாக்கி வருகின்றார். ஐந்து தேறின, ஆறாவது இன்னும் அகப்படவில்லை. அதுகாறும் பங்குக் கணக்கு நோட்டுப்புத்தகத்திலேயே நடைபெறுகின்றது.