முடி மாத்திரையும் தைராய்டு ரிப்போர்ட்டும்

அன்புள்ள பேத்திக்கு,

போன வாரம் போனில் கேட்டாயே, "லேபுக்கு டெஸ்டுக்கு ரத்தம் கொடுக்க வர்றவங்க சத்து மாத்திரையை நிறுத்திட்டு வரணுமா தாத்தா?" என்று. "பார்த்துச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். முப்பது வருஷம் உயிர்வேதியியல் நடத்தியவன் சொல்கிற பதிலா அது? வெட்கத்தில் எழுதுகிறேன்.

எனக்கு எரிச்சல் இரண்டு பேர் மேல். "வைட்டமின்தானே, என்ன பண்ணிடும்?" என்பவர் ஒருவர். "மூணு நாளைக்கு எல்லா மாத்திரையையும் நிறுத்துங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி அனுப்புபவர் இன்னொருவர். இவரால்தான் ஆபத்து அதிகம். 'எல்லா' என்றால் நம் ஜனங்கள் பிரஷர் மாத்திரை, வலிப்பு மாத்திரையையும் சேர்த்தே நிறுத்திவிடுவார்கள்.

எந்த மாத்திரை, எந்தப் பரிசோதனை என்று சேர்த்துக் கேட்க வேண்டும். வைட்டமின் டி-யை முந்தின நாள் நிறுத்திப் பயனில்லை. ரத்தத்தில் அது பாதியாகவே இரண்டு மூன்று வாரம் பிடிக்கும். இரும்பு மாத்திரையைக் காலையில் விழுங்கிவிட்டு வந்தால் சீரம் அயர்ன் ஏறி நிற்கும். ஃபெரிட்டின் அப்படி ஆடாது. பி12 குறைவா என்று பார்க்க, ஊசி போடுமுன்பே ரத்தம் எடுத்துவிட வேண்டும். இதெல்லாம் உனக்குப் பாடத்தில் வந்திருக்கும்.

முடி மாத்திரையில் இருக்கும் பயோட்டின் என்ற வைட்டமின் அப்படியல்ல. அதற்கு முட்டையிலிருந்து தொடங்க வேண்டும், பொறுத்துக்கொள்.

1927-இல் லண்டனில் மார்கரெட் போவாஸ் என்ற பெண்மணி எலிகளுக்கு உலர்த்திய பச்சை வெள்ளைக்கருவைக் கொடுத்தார். தோல் புண்ணாகி முடி உதிர்ந்தது. ஈரல் கொடுத்ததும் தேறின. வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்தால் விடாது. பேராசைக்காரன் என்ற பொருளில்தான் அதற்கு அந்தப் பெயரே. வேகவைத்தால் அதன் பிடி போய்விடும். பச்சை முட்டை குடித்து உடம்பு தேற்றுகிற உன் மாமனிடம் இதைச் சொல். நான் சொன்னால் கேட்க மாட்டான். 1936-இல் கோக்ல், டோனிஸ் இருவரும் 250 கிலோ உலர்ந்த மஞ்சள்கருவிலிருந்து பயோட்டினைப் பிரித்தார்கள். கிடைத்தது சுமார் 1 மில்லிகிராம்! இன்று முடி கொட்டுகிறதென்று வாங்கும் ஒரே மாத்திரையில் 10 மில்லிகிராம் இருக்கிறது. உடம்புக்கு நாளொன்றுக்கு வேண்டியதோ 30 மைக்ரோகிராம்.

அவிடினின் அந்தப் பிடியைத்தான் லேப் கருவி செய்பவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். தைராய்டு பரிசோதனையில், அதன் பங்காளியான ஸ்ட்ரெப்டாவிடின் பூசிய மணிகள், பயோட்டின் கட்டிய ஆன்டிபாடியை டி.எஸ்.எச்.சோடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். மாத்திரையிலிருந்து வந்த பயோட்டின் முந்திக்கொண்டு, திருவிழா பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போடுகிறவனைப் போல இடத்தைப் பிடித்துவிடுகிறது. டி.எஸ்.எச். கழுவலோடு போய்விடும், அளவு குறைவு என்று ரிப்போர்ட் வரும். எஃப்.டி.4 என்ற தைராய்டு ஹார்மோனில் கணக்குத் தலைகீழ்: மணியில் ஒட்டுவது குறைந்தால் ஹார்மோன் கூடுதல் என்று கருவி எழுதும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் மருத்துவருக்கு அது அசல் ஹைப்பர் தைராய்டு.

எங்கள் எதிர்வீட்டு அம்மாளுக்கு இப்படித்தான் ரிப்போர்ட் வந்தது. கையை நீட்டச் சொல்லி மேலே ஒரு தாளை வைத்துப் பார்த்தேன், நடுக்கமில்லை. நாடி 74. எடையும் குறையவில்லை. ரிப்போர்ட் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது. அலமாரியைத் திறந்தால் முடி மாத்திரை டப்பா.

மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனினையும் பயோட்டின் குறைத்துக் காட்டலாம். அப்படித் தவறான ட்ரோபோனின் முடிவு வந்த ஒருவர் இறந்த செய்தியோடுதான் 2017 நவம்பரில் அமெரிக்க எஃப்.டி.ஏ. எச்சரித்தது. எல்லாக் கருவிகளும் இந்த ஸ்ட்ரெப்டாவிடின் - பயோட்டின் முறையில் வேலை செய்வதில்லை. உங்கள் லேபில் இருப்பது எது? கிட்டோடு வரும் தாளை எடுத்துப் படி. படிக்காமல் கருவியை ஓட்டுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது.

தைராய்டு பரிசோதனைக்குக் குறைந்தது 2 நாள் முன்பு பயோட்டினை நிறுத்தச் சொல்கிறது அமெரிக்கத் தைராய்டு சங்கம். மிக அதிக அளவு எடுப்பவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் இன்னும் கூடுதல் நாள் தேவை. மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையை அவரைக் கேட்காமல் யாரும் நிறுத்தக் கூடாது.

நாளை கவுண்டரில் உட்காரும்போது, "மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்காதே; இல்லை என்பார்கள். "முடிக்கு, நகத்துக்கு ஏதாவது எடுத்துக்கறீங்களா?" என்று கேள்.

அன்புடன்,
தாத்தா