ஒளிக்கு வழிவிடும் அலுவலகம்

செந்தூலில் கடைவீட்டு மாடிகளில் பல அலுவலகங்கள் இயங்குகின்றன. இரு பக்கமும் ஒட்டுச்சுவர் என்பதால், முன்புற, பின்புறச் சன்னல்களே அவற்றுக்கு வெளிச்சம் தருபவை. சன்னலோரத்தில் மேலாளருக்குத் தனியறை கட்டினால், மற்றவர்களுக்குப் பகலிலும் விளக்கு தேவைப்படும். அவ்விளக்குகளின் வெப்பத்தைத் தணிக்கக் குளிரூட்டி கூடுதலாக உழைக்கும். மின்கட்டணம் ஏறுவதில் வியப்பென்ன?

2009இல் அறிமுகமான மலேசியாவின் பசுமைக் கட்டடக் குறியீடு, மின்சிக்கனத்தோடு இயற்கை ஒளிக்கும் புள்ளி வழங்குகிறது. அதன் உயரிய பிளாட்டினத் தரத்தைப் பெற்றது புத்ராஜெயாவிலுள்ள எரிசக்தி ஆணையத்தின் வைரக் கட்டடம். கீழ்நோக்கி உட்சாய்ந்த அதன் சுவர்கள் வெயிலைத் தடுக்கின்றன. நடுமுற்றம் ஒளியை உள்ளே இறக்குகிறது.

கடைவீட்டை வைரக் கட்டடமாக்க முடியாதுதான். ஆனால், தனியறையை உட்புறம் தள்ளிக் கண்ணாடித் தடுப்பு வைக்கலாம். சன்னலோர விளக்குகளுக்குத் தனிச் சுவிட்சு பொருத்தலாம். அதை மின்கம்பி இழுக்கும்போதே சொல்லிவிட வேண்டும்; உட்கூரையை மூடியபின் மாற்றினால் செலவு கூடும்.